சூப்பர் ஹீரோ சினிமாட்டிக் யுனிவர்ஸை ஸ்டூடியோக்கள் எப்படிக் கட்ட வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சினிமாட்டிக் யுனிவர்ஸ் என்று எதைச் சொல்கிறோம்? இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வரும் தொடர்ப் படங்களிலிருந்து அது எவ்வகையில் வேறுபடுகிறது?

தொடர்ப் படங்களில் ஒரே நாயகனின் கதை ஒரே கோட்டில் நீள்கிறது. சினிமாட்டிக் யுனிவர்ஸில் பல நாயகர்கள் தத்தம் படங்களில் வாழ்ந்துகொண்டே ஒரே உலகைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் படத்தில் இடிந்த நகரம் மற்றவர் படத்திலும் இடிந்தே கிடக்கிறது. காமிக்ஸுக்கு இது பழைய வழக்கம். தனித்தனி நாயகர்களை ஒரே குழுவாகச் சேர்த்த 'ஜஸ்டிஸ் சொசைட்டி' 1940-இலேயே அமெரிக்கக் காமிக்ஸில் வந்துவிட்டது. திரையிலும் யுனிவர்சல் ஸ்டூடியோ 1943-இல் ஃபிராங்கன்ஸ்டைனின் அரக்கனையும் ஓநாய் மனிதனையும் ஒரே படத்தில் சந்திக்க வைத்தது. 2008-இலிருந்து மார்வெல் ஸ்டூடியோஸ் அத்தகைய சந்திப்புகளைப் பல ஆண்டுத் திட்டமாக வகுத்து, அவை அனைத்தையும் ஒரே தயாரிப்பு அலுவலகத்தின் பொறுப்பில் வைத்தது. இன்று மற்ற ஸ்டூடியோக்கள் பின்பற்ற விரும்புவது அந்த முறையைத்தான்.

புதிதாகத் தொடங்கும் ஒரு ஸ்டூடியோ முதலில் எதைச் செய்ய வேண்டும்?

தன்னளவில் முழுமையான ஒரு நல்ல படத்தை எடுக்க வேண்டும். கேட்பதற்கு இது மிகச் சாதாரணமான பதிலாக இருப்பதால்தான் பல ஸ்டூடியோக்கள் இதைத் தாண்டிக் குதித்து அடுத்த படிக்குப் போயின.

2008-இல் வெளிவந்த 'அயர்ன் மேன்' படத்தை எடுத்துக்கொள்வோம். காமிக்ஸ் படிக்காத பார்வையாளர்களுக்கு அந்த நாயகன் அவ்வளவாக அறிமுகமில்லாதவன். ஜான் ஃபாவ்ரோ இயக்கி ராபர்ட் டவுனி ஜூனியர் நடித்த அப்படம், தான் விற்ற ஆயுதத்தாலேயே நெஞ்சில் காயம்பட்டு, ஒரு குகையில் சிறைப்பட்ட ஆயுத வியாபாரி தன் வாழ்க்கையைத் திருப்பிப் பார்க்கும் கதையைச் சொன்னது. அதைப் புரிந்துகொள்ள வேறு எந்தப் படத்தையும் பார்த்திருக்கத் தேவையில்லை. உளவு அமைப்பின் தலைவர் நிக் ஃப்யூரி வந்து அவெஞ்சர்ஸ் என்ற நாயகர் குழுவைப் பற்றிப் பேசும் காட்சி, பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகே வருகிறது. அதற்கு முன்பே எழுந்து வெளியே போய்விட்டவருக்கும் கதை நிறைவாகவே முடிந்திருந்தது. ஏறத்தாழ 14 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலகளவில் 58 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 2017-இல் நடந்தது. யுனிவர்சல் ஸ்டூடியோ தன் பழைய அரக்கர் கதைகளை 'டார்க் யுனிவர்ஸ்' என்ற பெயரில் இணைக்கப்போவதாக அந்த ஆண்டு மே மாதம் அறிவித்தது. தனிச் சின்னம் தயாராகிவிட்டது. டாம் குரூஸ், ஜானி டெப், ரஸ்ஸல் குரோ, ஹாவியர் பார்டெம், சோஃபியா பூடெல்லா ஆகியோர் ஒன்றாக நிற்கும் புகைப்படமும் வெளியாகிவிட்டது. அடுத்த மாதம் முதல் படமான 'தி மம்மி' வந்தபோது, கதை நடுவில் நின்று, அரக்கர்களைக் கண்காணிக்கும் ஓர் அமைப்பைப் பற்றியும் அதன் தலைவரான டாக்டர் ஜெக்கில் பற்றியும் விளக்கவுரை கேட்க வேண்டியிருந்தது. அந்த ஒரே படத்தோடு திட்டம் நின்றுபோனது. 2020-இல் அதே ஸ்டூடியோ, வேறெந்தப் படத்தோடும் இணைக்காமல், சுமார் 70 லட்சம் டாலர் செலவில் 'தி இன்விசிபிள் மேன்' படத்தை வெளியிட்டது. அது 14 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இவை சூப்பர் ஹீரோ படங்கள் அல்ல என்றாலும், எங்கே தவறு நேர்கிறது என்பதை இவற்றைவிடத் தெளிவாகக் காட்டும் இணை கிடைப்பது அரிது.

திரைக்கதை கைக்கு வந்ததும் ஸ்டூடியோ செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. பிற படங்களைச் சுட்டும் வரிகளையும் காட்சிகளையும் அடித்துவிட்டு மீதியைப் படிக்க வேண்டும். மீதியில் ஒரு கதை இல்லையென்றால் படப்பிடிப்புக்குத் தேதி குறிக்கக் கூடாது.

வரப்போகும் படங்களின் பட்டியலை முன்கூட்டியே அறிவிப்பது நல்லதா?

திட்டம் வைத்திருப்பது நல்லது. அதைத் தேதிகளோடு ஊருக்கு அறிவிப்பது பெரும்பாலும் கேடு. 2014 அக்டோபரில் வார்னர் பிரதர்ஸ், 2020 வரையிலான பத்து டிசி (சூப்பர்மேன், பேட்மேன் முதலியோரின் காமிக்ஸ் நிறுவனம்) படங்களை ஒரே மூச்சில் அறிவித்தது. அவற்றில் சைபார்க் படமும் கிரீன் லேன்டர்ன் கார்ப்ஸ் படமும் எடுக்கப்படவே இல்லை. 2018-இல் வர வேண்டிய 'தி ஃபிளாஷ்' 2023-இல்தான் வந்தது. அறிவித்த தேதி முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த வாக்காக மாறிவிடுகிறது; அதன் பிறகு முந்தைய படத்திலிருந்து பாடம் கற்பதற்கான காலமே ஸ்டூடியோவிடம் இருப்பதில்லை. கையில் ஐந்தாண்டுத் திட்டம் இருக்கட்டும். வெளியே சொல்வது, திரைக்கதை முடிந்த படங்களை மட்டும்.

நாயகர்கள் ஒன்றுசேரும் படத்தை எப்போது எடுக்கலாம்?

தனிப்படங்கள் ஒவ்வொருவரிடத்திலும் பார்வையாளருக்குப் பற்று உண்டாக்கிய பிறகு. 2012-இல் 'தி அவெஞ்சர்ஸ்' வருவதற்கு முன் நான்காண்டுகளில் ஐந்து படங்கள் வந்திருந்தன. எனவே அயர்ன் மேனும் கேப்டன் அமெரிக்காவும் முதன்முதலில் வாய்ச்சண்டை போடும்போது, இருவர் பக்கத்து நியாயமும் பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒருவனுடைய தன்னம்பிக்கையும் மற்றவனுடைய கட்டுப்பாடும் எங்கிருந்து வந்தன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்படம் 150 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததற்கு இறுதிச் சண்டையைக் காட்டிலும் இதுவே முதன்மைக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

2016-இல் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' டிசி வரிசையின் இரண்டாவது படம்தான். புதிய பேட்மேன், வொண்டர் வுமன், பின்னர் வரவிருந்த குழு, சூப்பர்மேனின் மரணம் ஆகிய அனைத்தும் அதிலேயே அடைக்கப்பட்டன. ஃபிளாஷ், அக்வாமேன், சைபார்க் ஆகிய மூவரும் ஒரு மின்னஞ்சலோடு வந்த வீடியோ துண்டுகளாகவே அறிமுகமானார்கள். அப்போதுதான் சந்தித்த ஒருவரின் மரணத்துக்கு அழச் சொல்வது, முதல் போடாமல் வட்டி கேட்பதற்கு ஒப்பானது. வட அமெரிக்காவில் இரண்டாம் வார இறுதியில் அதன் வசூல் ஏறத்தாழ 69 சதவீதம் சரிந்தது.

இதற்கு ஒரு மறுப்பைச் சொல்லலாம். அது நியாயமான மறுப்பே. 2000-இல் 'எக்ஸ்-மென்', 2014-இல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' ஆகியவை குழுவை ஒரே படத்தில் அறிமுகம் செய்து வெற்றி பெற்றன. ஆனால் அவற்றின் கதையே அந்நியர்கள் ஒரு குடும்பமாவதுதான். அறிமுகமும் கதையும் அங்கே ஒன்றே. ஏற்கெனவே தெரிந்த ஆளுமைகள் மோதிக்கொள்ளும் சுவையை நம்பி எடுக்கும் படத்துக்கு அந்த வழி பொருந்தாது.

இறுதி முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்?

காமிக்ஸையும் திரைப்பட ஆக்கத்தையும் அறிந்த ஒரு தயாரிப்பாளரிடம். அவரைச் சுற்றிச் சிறிய குழு இருக்கலாம்; பெரிய குழு கூடாது. கெவின் ஃபைகி 2000-இல் 'எக்ஸ்-மென்' படத்தின் இணைத் தயாரிப்பாளராக வேலை பார்த்தவர். 2007-இல் மார்வெல் ஸ்டூடியோஸின் தலைவரானார். எல்லாப் படங்களுக்கும் ஒரே ஆள் பதில் சொல்லும் நிலை இருந்ததால், ஒரு படத்தில் செய்த மாற்றம் இன்னொரு படத்தை எங்கே தொடும் என்று உடனே பார்க்க முடிந்தது.

ஆயினும் இந்த அதிகாரம் இயக்குநரை நசுக்கும் இடத்துக்கு எளிதில் போய்விடும். 'ஆன்ட்-மேன்' படத்துக்குப் பல ஆண்டுகள் உழைத்த எட்கர் ரைட் 2014-இல், படப்பிடிப்புக்குச் சற்று முன்னர், விலகினார். இவ்விஷயத்தில் என் நிலைப்பாடு இதுதான்: பாத்திரங்களில் யார் இறக்கலாம், யார் எங்கே போய்ச் சேர வேண்டும், எந்தப் பொருள் யார் கையில் இருக்க வேண்டும் என்பவற்றைத் தயாரிப்பாளர் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், நடிப்பு, ஒளிப்பதிவு, நகைச்சுவையின் அளவு, சண்டையின் வடிவம் ஆகியவற்றில் அதன் பிறகு அவர் தலையிடக் கூடாது. இடையில் வந்து திருத்துவதைவிடத் தொடக்கத்திலேயே இயக்குநரோடு ஒத்துப்போகவில்லை என்று பிரிவது இருவருக்கும் மரியாதை.

எல்லாப் படங்களும் ஒரே சாயலில் இருக்க வேண்டுமா?

உலகின் விதிகள் ஒன்றாக இருக்க வேண்டும். படங்களின் சாயல் மாற வேண்டும். 2014-இல் நான்கு மாத இடைவெளியில் மார்வெல் இரண்டு படங்களை வெளியிட்டது. 'கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்' அரசை நம்பலாமா என்று கேட்கும் உளவுக் கதை, 'கார்டியன்ஸ்' பழைய பாட்டு ஒலிக்கும் விண்வெளிச் சாகசம். இரண்டும் ஒரே உலகம் என்று நம்புவதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. 2018-இன் 'பிளாக் பேந்தர்' தன் நாட்டின் அரசியலையும் உடையையும் இசையையும் தானே வகுத்துக்கொண்டு, சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்று, அவற்றில் மூன்றை வென்றது. இவ்வளவு படங்களைத் தொடர்ந்து பார்க்கப் பார்வையாளர்களுக்குப் பொறுமை இருந்ததற்கு இந்த வேறுபாடுகளே காரணம். எல்லாப் பாத்திரங்களும் ஒரே பாணியில் நக்கலடிக்கத் தொடங்கும்போது அந்தப் பொறுமை தேய்கிறது.

பத்தாண்டுக் கதையை முழுவதும் எழுதி வைத்துக்கொண்டா தொடங்க வேண்டும்?

தேவையில்லை. சேருமிடம் தெரிந்திருந்தால் போதும். வழி திறந்திருக்க வேண்டும். மார்வெல் எல்லாவற்றையும் முதல் நாளே வகுத்திருந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. படங்களே அதை மறுக்கின்றன. 2011-இல் வந்த 'தோர்' படத்தில் தோரின் தந்தை ஓடினின் கருவூலத்தில், பேராற்றல் தரும் ஆறு கற்களைப் பதிக்கும் இன்ஃபினிட்டி கையுறை ஒன்று கற்களோடு வைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் தானோஸ் என்ற முதன்மை வில்லன் அந்தக் கற்களைத் தேடி அலையும் கதைக்கு அது முரணானது. 2017-இல் 'தோர்: ராக்னராக்' படத்தில் வில்லி ஹெலா அதைத் தட்டிவிட்டு, போலி என்று ஒரே சொல்லில் அந்த முடிச்சை அவிழ்க்கிறாள். தானோஸும் அப்படியே. 2012-இல் ஒரு கணம் முகம் காட்டியபோது நடித்தவர் வேறு. ஜோஷ் பிரோலின் 2014-இல்தான் வந்தார். டெசராக்ட் முதலில் நீல ஒளி வீசும் கனசதுரமாக மட்டுமே இருந்தது. அது ஆறு கற்களில் ஒன்று என்பது பிந்தைய படங்களில் தெளிவானது.

இதில் கற்க வேண்டிய தொழில்நுட்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு படத்திலும் அந்தப் படத்தின் கதைக்கே தேவைப்படும் ஒரு பொருளையோ ஆளையோ முழுவதும் விளக்காமல் விட்டுவைக்க வேண்டும். பின்னர் தேவைப்பட்டால் அதை எடுத்துக் கோக்கலாம். தேவைப்படாவிட்டாலும் பழைய படத்துக்குக் குறை வராது. அடுத்த படத்துக்காக மட்டுமே ஒரு காட்சியைச் செருகினால் இந்த வசதி கிடைக்காது. 2015-இன் 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் தோர் குகைக்குப் போய்க் காட்சிகள் காணும் பகுதி, அப்படத்தின் ஓட்டத்தோடு ஒட்டாமல் நிற்பது இதனால்தான்.

காலவரிசையில் சிறு பிழைகள் வந்தால் பதற வேண்டாம். 'ஸ்பைடர்-மேன்: ஹோம்கமிங்' காட்டிய எட்டாண்டு இடைவெளி மற்ற படங்களோடு பொருந்தவில்லை, அதனால் அப்படத்தை யாரும் வெறுக்கவில்லை. பாத்திரத்தின் குணம் காரணமின்றி மாறுவதைத்தான் பார்வையாளர் மன்னிப்பதில்லை.

நடிகர்களோடு எத்தகைய ஒப்பந்தம் வேண்டும்?

நீண்டது வேண்டும், ஆனால் கதை எந்த ஒரு நடிகரையும் மட்டுமே நம்பி நிற்கக் கூடாது. நிக் ஃப்யூரியாக நடித்த சாமுவேல் எல். ஜாக்சன் 2009-இல் ஒன்பது படங்களுக்குக் கையெழுத்திட்டார். கேப்டன் அமெரிக்காவாக நடித்த கிறிஸ் எவான்ஸின் ஒப்பந்தம் ஆறு படங்களுக்கு. இத்தகைய ஒப்பந்தங்கள் சம்பளத்தையும் கால்ஷீட்டையும் முன்கூட்டியே உறுதிசெய்கின்றன. தொடக்கத்திலேயே ஆள் மாறினால் பெரிய சேதம் இல்லை: ஹல்க் பாத்திரத்தில் எட்வர்ட் நார்ட்டனுக்குப் பதில் மார்க் ரஃபலோவும், அயர்ன் மேனின் நண்பர் பாத்திரத்தில் டெரன்ஸ் ஹோவர்டுக்குப் பதில் டான் சீடிலும் வந்து நிலைத்துவிட்டார்கள்.

கடினமான நிலைகளும் உண்டு. பிளாக் பேந்தராக நடித்த சாட்விக் போஸ்மேன் 2020-இல் மறைந்தபோது, அந்தப் பாத்திரத்துக்கு வேறு நடிகரைத் தேடாமல், துயரத்தையே அடுத்த படத்தின் கதையாக்கினார் இயக்குநர் ரையன் கூக்ளர். அந்த முடிவை நான் மனமார மதிக்கிறேன். காங் என்ற வில்லனாக நடித்த ஜோனதன் மேஜர்ஸ் 2023 டிசம்பரில் தாக்குதல் வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பானபோது, அவரை மையமாக வைத்து வகுத்த பல படத் திட்டமே கைவிடப்பட்டது. முக்கிய வில்லன் யார் என்பதைத் தலைப்பிலேயே சேர்த்து அறிவிக்காமல் இருந்திருந்தால் அந்தத் திருப்பம் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்திருக்காது.

ஓடிடி தொடர்களையும் கதையில் இணைக்கலாமா?

இணைக்கலாம், அவற்றைத் திரையரங்குக்கான நுழைவுத் தேர்வாக மாற்றக் கூடாது. 2021-இல் மட்டும் மார்வெல் நான்கு படங்களையும் ஐந்து தொடர்களையும் வெளியிட்டது. 2023 நவம்பரில் வந்த 'தி மார்வெல்ஸ்' படத்தின் மூன்று நாயகியரில் ஒருவரை முந்தைய படத்திலிருந்தும், மற்ற இருவரை வெவ்வேறு தொடர்களிலிருந்தும் அறிந்திருக்க வேண்டும். 2019-இல் 'கேப்டன் மார்வெல்' 110 கோடி டாலருக்கு மேல் ஈட்டியிருக்க, அதன் தொடர்ச்சியான இப்படம் ஏறத்தாழ 20 கோடியில் நின்றது. தோல்விக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனாலும் குடும்பத்தோடு படத்துக்கு வர நினைக்கும் ஒருவர், தான் பார்க்காத மணிக்கணக்கான கதை ஒன்று பின்னால் இருக்கிறது என்று உணர்ந்தால் டிக்கெட் வாங்கத் தயங்குவார் என்பது உறுதி. 2024 மே மாதம் டிஸ்னியின் தலைவர் பாப் ஐகர், இனி ஆண்டுக்கு இரண்டு அல்லது அதிகபட்சம் மூன்று படங்கள், இரண்டு தொடர்கள் என்று குறைக்கப்போவதாகச் சொன்னார். அந்த அளவுகூட எனக்கு அதிகமாகவே படுகிறது.

மல்டிவர்ஸ் கதைகள் உதவுமா?

எப்போதாவது. பல பிரபஞ்சங்கள் இணையாக இருப்பதாகக் கொள்ளும் கதைகள் இவை. பழைய ஸ்பைடர்-மேன் நடிகர்களைத் திரும்ப அழைத்து வந்த 2021-இன் 'நோ வே ஹோம்' பெரும் வெற்றி பெற்றது. புதிய ஸ்பைடர்-மேனோடு சேர்த்து மூவரின் இழப்புகளும் ஒன்றோடொன்று பேசியதால் அங்கே அது பொருந்தியது. வழக்கமாக்கினால், இறந்தவர் வேறொரு பிரபஞ்சத்திலிருந்து திரும்பி வருவார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். பிறகு எந்த மரணமும் யாரையும் தொடாது.

வெளியீட்டுத் தேதியை முதலில் முடிவுசெய்வதால் என்ன கெடுதல்?

மிகப் பெரிய கெடுதல். இதைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும். தேதி உறுதியாகிவிட்ட பிறகு திரைக்கதை தாமதமானாலும், ரீஷூட் கூடினாலும், அந்தச் சுமை கடைசியில் வேலை பார்க்கும் விஎஃப்எக்ஸ் (கணினி வழிக் காட்சி விளைவு) கலைஞர்கள்மீது இறங்குகிறது. 2017-இன் 'ஜஸ்டிஸ் லீக்' படத்தில், குடும்பத் துயரத்தால் இயக்குநர் ஸாக் ஸ்னைடர் விலகியதும் ஜாஸ் வீடன் பொறுப்பேற்று ஏராளமான காட்சிகளை மறுபடியும் எடுத்தார். அப்போது ஹென்றி கேவில் வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். அதை மழிக்க அனுமதி கிடைக்கவில்லை. கணினியில் அழிக்கப்பட்ட அந்த மீசையின் சுவடு சூப்பர்மேனின் மேலுதட்டில் அப்பட்டமாகத் தெரிந்தது. தேதியைத் தள்ளிவைக்க மனம் இருந்திருந்தால் அது நேர்ந்திருக்காது. ஸ்னைடரின் நான்கு மணி நேர வடிவம் 2021-இல் வெளியானபோது, அதே மூலத்திலிருந்து எவ்வளவு வேறுபட்ட படம் உருவாகியிருக்கக்கூடும் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

2023 செப்டம்பரில் மார்வெல் ஸ்டூடியோஸின் விஎஃப்எக்ஸ் ஊழியர்கள் தொழிற்சங்கத்தில் சேர ஒருமனதாக வாக்களித்தார்கள். அது நியாயமான முடிவு. சண்டைக் காட்சிகளின் வடிவத்தைப் படப்பிடிப்புக்கு முன்பே இறுதிசெய்து, அதன் பிறகு மாற்றம் கோரினால் கூடுதல் காலமும் கூடுதல் ஊதியமும் கொடுப்பதை ஒவ்வொரு ஸ்டூடியோவும் விதியாக்க வேண்டும்.

பாத்திர உரிமைகள் பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்தால்?

இருப்பதைக் கொண்டு தொடங்க வேண்டும். மார்வெல் 1996-இல் திவால் பாதுகாப்பு கோரிய நிறுவனம். ஸ்பைடர்-மேன், எக்ஸ்-மென் போன்ற புகழ்பெற்ற பாத்திரங்களின் திரை உரிமை வேறு ஸ்டூடியோக்களிடம் போயிருந்தது. 2005-இல் எஞ்சிய பாத்திரங்களின் உரிமையையே பிணையாக வைத்து, மெரில் லிஞ்ச் என்ற நிதி நிறுவனம் வழியாக 52.5 கோடி டாலர் கடன் வசதி பெற்றுத்தான் சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்கியது. ஸ்பைடர்-மேன் 2015-இல் சோனியோடு செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகே இந்த உலகுக்குள் வந்தார். புகழ்பெற்ற பெயர் கையில் இல்லாததால், எழுத்திலும் நடிகர் தேர்விலும் அவர்கள் கூடுதல் அக்கறை காட்ட நேர்ந்தது.

முதல் முயற்சி தோற்றுவிட்டால் முழுவதையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாமா?

தொடங்கலாம், அப்படியானால் முழுமையாகத் தொடங்க வேண்டும். டிசி படங்களின் பொறுப்பை ஜேம்ஸ் கன்னும் பீட்டர் சாஃப்ரனும் 2022 நவம்பரில் ஏற்றார்கள். அவர்களுடைய முதல் படமான 'சூப்பர்மேன்' 2025 ஜூலையில்தான் வந்தது. இடையில், பழைய உலகைச் சேர்ந்த படங்கள் 2023 முழுவதும் வெளியாகிக்கொண்டிருந்தன. விரைவில் மூடப்படவிருக்கும் உலகின் கதையைப் பார்க்கப் பணம் கொடுக்கப் பலருக்கு மனம் வரவில்லை. எடுத்து முடித்த படங்களைப் பூட்டிவைக்கவும் நான் சொல்லமாட்டேன். 2022-இல் 'பேட்கேர்ல்' அப்படி வெளியிடப்படாமலேயே கைவிடப்பட்டது, உழைத்தவர்களுக்கு இழைத்த அநீதி. ஆகவே மாற்றத்தை அறிவிப்பதற்கு முன் கையிருப்பில் உள்ள படங்களை வெளியிட்டு முடிக்க வேண்டும்.

பொது உலகோடு சேராத தனிப்படங்களுக்கும் இடம் இருக்க வேண்டும். 2019-இன் 'ஜோக்கர்' எந்த உலகோடும் இணையாமலேயே 100 கோடி டாலரைத் தாண்டியது. அத்தகைய படங்களுக்கு டிசி இப்போது 'எல்ஸ்வேர்ல்ட்ஸ்' என்ற தனிப்பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயரை விளம்பரத்திலும் படத்தின் தொடக்கத்திலும் தெளிவாகக் காட்டிவிட்டால், ஒரே நேரத்தில் இரண்டு பேட்மேன்கள் திரையில் இருந்தாலும் பார்வையாளர் குழம்ப மாட்டார்.